ஊருக்குள் வந்த கம்பெனி பஸ்

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் 1923-இல் சிவகாசியில் வேர்விட்டது. தொழில் பெருத்த அளவுக்குத் தொழிலாளர் குடியிருப்பு பெருகவில்லை. ஆலைக்கு அருகே கட்டாத வீட்டின் வேலையைக் கம்பெனி பஸ் செய்தது என்பதே என் வாதம். ஓர் ஒப்பீடு: நியூயார்க்கின் மல்பெரி தெருவில் குடியேறிய இத்தாலியர்கள், வேலைக்கு நடந்துபோகும் தூரத்தில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1904-இல் சுரங்க ரயில் வந்தபின் தள்ளிக் குடிபோக வழி பிறந்தது. இங்கே நேர்மாறு: சிவகாசிக்கு அருகே எம். புதுப்பட்டி போன்ற மானாவாரி ஊர்களில் ஆட்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், கம்பெனி பஸ் வந்து ஏற்றிப் போனது.

பட்டாசும் செய்யும் ஊராயிற்றே, வெடிமருந்துக்குப் பக்கத்தில் வீடு கட்டலாமா என்று கேட்பார்கள். கூடாதுதான்; பட்டாசு ஆலைக்கு இடைவெளியைச் சட்டமே விதிக்கிறது. ஆனால் அந்த நியாயம் தீப்பெட்டி ஆலைக்கு முழுதாகப் பொருந்தாது. பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணையிலேயே நடந்தது. சொந்த வீட்டையும் காட்டையும் விட்டு ஏன் வரவேண்டும் என்பதும் சரியான கேள்வியே. ஆனால் ஊரிலேயே இருக்கும் அந்த வசதிக்கு விலை கொடுத்தது யார்? பீஸ் ரேட்டில் கை வேலையைத் தொட்ட பிறகே கூலி. சாலையில் கழிந்த நேரம் கணக்கில் வராது. 1980-களில் விடியுமுன் தூக்கக் கலக்கத்தோடு பஸ் ஏறிய பிள்ளைகள்தான் அந்த விலையை அதிகம் சுமந்தார்கள். 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 1996-இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் பிள்ளைகளுக்காகப் பேசின. பெரியவர்களின் பயண நேரம் கூலிக் கணக்குக்கு வெளியேதான் நின்றது.