ஜீப் புஷ்ஷும் லேண்ட் ரோவர் புஷ்ஷும்: கிரீஸ் போய் ரப்பர் வந்த கதை

காமர்ஸ் படிக்கிற பயலுக்கு வண்டி புஷ் பத்தி என்ன பேச்சுன்னு கிளாஸ்ல கேப்பாங்க, தெரியும். ரெண்டு வருஷமா தேய்மானக் கணக்கு போட்டுக்கிட்டே இருக்கோம். தேயறதுக்குன்னே செஞ்ச ஒரு பொருளைப் பத்தி ஒரு தடவையாவது எழுத வேண்டாமா? :-)

புஷ்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக: சஸ்பென்ஷன்ல இரும்பும் இரும்பும் சேர்ற ஒவ்வொரு மூட்டுலயும் நடுவுல ஒரு சின்ன உருளை இருக்கும். முழங்கால்ல குருத்தெலும்பு இருக்கற மாதிரி. அது செத்துப்போச்சுன்னா வண்டி மேடு பள்ளத்துல "டொக் டொக்"னு தட்டும், ஸ்டியரிங் ஒரு பக்கம் அலையும். பழைய லேண்ட் ரோவர் வச்சிருக்கறவங்க எல்லாருக்கும் ஒரு நாள் அந்தக் கேள்வி வந்தே தீரும். கம்பெனி போட்ட மாதிரியே ரப்பர் புஷ் போடறதா, இல்ல கடையில மிட்டாய் கலர்ல தொங்குற பாலியூரித்தேன் போடறதா? இதுக்குப் பதில் சொல்ல எழுபது எண்பது வருஷம் பின்னாடி போகணும்.

முதல்ல ஜீப். 1941-ல இருந்து போருக்காக வில்லிஸ் கம்பெனி செஞ்ச ஜீப்ல, பட்டை பட்டையா அடுக்கின லீஃப் ஸ்பிரிங்கை சேஸிஸோட சேர்க்கற இடத்துல ரப்பரே கிடையாது. 'யு' வடிவ ஷேக்கிள், அதுல மரை, அது மேல மரை வெட்டின இரும்பு புஷ். மரை மேல மரை லேசா திரும்பி அசையும். நடுவுல கிரீஸ். சிலது வலது மரை, சிலது இடது மரை. இடது மரை ஷேக்கிளை அடையாளம் காண அதுலயே ஒரு சின்ன மேடு வச்சு வார்த்திருப்பாங்க. அது தெரியாம எதிர்ப்பக்கம் திருகி உடைச்ச மெக்கானிக் எத்தனை பேரோ!

1942-ல ஜப்பான் மலாயாவைப் பிடிச்சதும் நேச நாடுகளுக்கு ரப்பர் பஞ்சம் வந்துச்சே, அதனாலதான் இரும்பு புஷ்ஷான்னு கேக்கலாம். இல்லைங்க. பஞ்சத்துக்கு முன்னாடியே ஜீப் அப்படித்தான் இருந்துச்சு. இந்த ஏற்பாட்டோட பலம், நீங்க கிரீஸ் அடிச்சுக்கிட்டே இருந்தா அது ஓடிக்கிட்டே இருக்கும். பலவீனமும் அதேதான். சேறு, மணல், ஆத்துத் தண்ணி உள்ள போனா கிரீஸோட கலந்து உப்புத்தாள் வேலை பார்க்கும். ராணுவத்துல கிரீஸ் கன் பிடிக்க ஆள் இருந்தாங்க. போர் முடிஞ்சப்புறம் ஒரு விவசாயிக்கு யார் இருக்கா?

இதுக்கு விடை அப்பவே ஐரோப்பாவுல இருந்துச்சு. 1920-கள்ல பிரான்ஸ்ல லியோன் தியரி என்பவர் 'சைலன்ட்பிளாக்'னு ஒண்ணைக் கொண்டுவந்தார். ரெண்டு இரும்புக் குழாய், ஒண்ணுக்குள்ள ஒண்ணு. நடுவுல ரப்பர் வளையத்தை நசுக்கித் திணிச்சிருப்பாங்க. போல்ட்டை முறுக்கினா உள்குழாய் ஒரு பக்கம் இறுகிடும், வெளிக்குழாய் இன்னொரு பக்கம். அப்புறம் எதுவும் வழுக்காது. அசைவு முழுக்க ரப்பர் முறுக்கிக்கறதுலயே முடிஞ்சுடும். உரசல் இல்ல, அதனால கிரீஸ் தேவையில்ல, மண் புகவும் வழியில்ல. சத்தமும் வராது, பேர்லயே இருக்கே. இன்னைக்கும் ரஷ்யாவுல இந்த மாதிரி எந்த புஷ்ஷுக்கும் 'சைலன்ட்பிளாக்'னுதான் பேரு. ரப்பரை இரும்போட ரசாயனமா ஒட்ட வைக்கற முறையும் வந்துச்சு. இரும்புக்குப் பித்தளைப் பூச்சு கொடுத்து ரப்பரை வேக வச்சா ரெண்டும் பிரியாது.

ரோவர் கம்பெனியோட தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ்ல ஆங்கிள்சி தீவுல இருந்த தன் நிலத்துல ராணுவம் கழிச்சுவிட்ட ஒரு ஜீப்பைத்தான் ஓட்டிக்கிட்டிருந்தார். லேண்ட் ரோவரோட முதல் மாதிரி வண்டியே ஜீப் சேஸிஸ் மேலதான் எழும்புச்சு. 1948 ஏப்ரல் 30, ஆம்ஸ்டர்டாம் மோட்டார் ஷோவுல விற்பனை வண்டி வெளிய வந்தப்போ லீஃப் ஸ்பிரிங் அப்படியே இருந்துச்சு. புஷ் மட்டும் ரப்பர். (புரொப்பெல்லர் ஷாஃப்ட்ல கிரீஸ் நிப்பிள் இருந்துச்சு, அது தனிக்கதை.) எஃகுப் பஞ்சத்தால அலுமினிய பாடி போட்டதைப் பத்தி எல்லாரும் எழுதறாங்க. இந்த ரப்பர் உருளையைப் பத்தி யாரும் பேசறதில்ல. எனக்கென்னவோ அந்த விவசாயியோட ஞாயித்துக்கிழமையைக் காப்பாத்தினது இதுதான்னு தோணுது.

அப்போ இயற்கை ரப்பர்ல உலகத்துலயே முன்னணி மலாயா. அங்க எஸ்டேட்கள்ல பால் வெட்டினவங்கள்ல நம்ம தமிழங்க ஏராளம். அதே 1948-ல மலாயாவுல அவசரநிலை வந்து, சீக்கிரமே லேண்ட் ரோவர்கள் அந்த எஸ்டேட் ரோடுகள்லயே ஓட ஆரம்பிச்சுது.

காமர்ஸ் கண்ணால பார்த்தா நடந்தது இதுதான்: கிரீஸ்ங்கற தொடர் செலவு போய், பல வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற மாத்துச் செலவு வந்துச்சு. ஆனா அந்தச் செலவு வர்றப்போ கொடூரமா வரும். சேஸிஸுக்குள்ள இறுக்கின புஷ்ஷோட வெளிக்குழாய் துருப்பிடிச்சு ஒட்டிக்கும். ரப்பரைத் துளைச்சோ எரிச்சோ எடுத்துட்டு, மிஞ்சின குழாயை ஆக்ஸா பிளேடு வச்சு உள்ளிருந்து அறுத்து எடுக்கணும்.

1970-ல ரேஞ்ச் ரோவர் வந்தப்போ ரப்பருக்கு வேலை கூடிப்போச்சு. லீஃப் ஸ்பிரிங் போய் காயில் ஸ்பிரிங். முன் ஆக்ஸிலைப் பிடிக்க ரெண்டு ரேடியஸ் ஆர்ம், பக்கவாட்டுல ஓடாம ஒரு பேன்ஹார்ட் ராடு. இதே அமைப்புதான் 1983-ல ஒன் டென், 1990-ல டிஃபெண்டர்ங்கற பேரு, 2016 ஜனவரி 29-ல சோலிஹல்ல கடைசி வண்டி வரைக்கும். ஒவ்வொரு ரேடியஸ் ஆர்மும் ஆக்ஸிலை ரெண்டு புஷ் வச்சுக் கவ்விப் பிடிக்கும். ஒரு சக்கரம் பாறை மேல ஏறி இன்னொண்ணு பள்ளத்துல இறங்கினா, அந்த அமைப்புல இளகிக்கொடுக்க ரப்பரைத் தவிர வேற எதுவுமே இல்ல. இந்த வாக்கியத்தை மட்டும் ரெண்டு தடவை படிங்க. புஷ் தேர்வே இதுல அடங்கியிருக்கு.

பாலியூரித்தேன் 1937-ல ஜெர்மனியில லெவர்குசன்ல ஓட்டோ பேயர் குழு கண்டுபிடிச்சது. எண்ணெய் பட்டா ரப்பர் ஊதி உப்பும், இது உப்பாது. வெயில்ல வெடிக்கறதும் கம்மி. ரெண்டு பாதியா வர்றதால பிரஸ் இல்லாமலே கையால தள்ளி மாட்டிடலாம். சும்மா சொல்லக்கூடாது, வசதிதான். ஆனா பெரும்பாலும் ரப்பரை விடக் கெட்டி. அதோட இது இரும்போட ஒட்டறதில்ல. உள்ள இருக்கற குழாய் இதுக்குள்ள வழுக்கித்தான் திரும்பணும். வழுக்கினா உரசும், உரசினா கீச்சுனு கத்தும், அதுக்காக டப்பாவோட ஒரு சின்ன கிரீஸ் பாக்கெட் குடுப்பாங்க. ஆமாங்க, 1948-ல துரத்தின கிரீஸ் கலர் டிரஸ் போட்டுக்கிட்டு திரும்பி வந்திருக்கு!

என் கட்சி இதுதான். பேன்ஹார்ட் ராடுக்குப் பாலியூரித்தேன் போடுங்க. அங்க முறுக்கல் கம்மி, ஸ்டியரிங் இறுக்கமா இருக்கும். ரேடியஸ் ஆர்முக்கு ரப்பர்தான். அங்க கெட்டியானதைப் போட்டா ஆக்ஸில் மடங்க மறுக்கும், புஷ் வாங்க வேண்டிய அடியை பிராக்கெட்டும் வெல்டும் வாங்கும். புஷ் கிழிஞ்சா சில்லறைச் செலவு. பிராக்கெட் விரிசல் விட்டா சேஸிஸையே அறுத்து வெல்டிங் பண்ணணும், அதுவும் வண்டி மலை ஏறும்போது விட்டா செலவோட முடியாது. பழைய லீஃப் ஸ்பிரிங் வண்டியா இருந்தாலும் நான் ரப்பர் பக்கம்தான். இஞ்சின்ல இருந்து ஆயில் ஒழுகி புஷ் மேல சொட்டுதுன்னா முதல்ல ஒழுகலை அடைங்க.

ரப்பர் மாட்டறவங்களுக்கு இன்னொண்ணு. ஜாக்கியில தூக்கி சக்கரம் தொங்கிக்கிட்டிருக்கும்போது போல்ட்டை முழுசா முறுக்கிடாதீங்க. அப்படி முறுக்கினா வண்டி கீழ இறங்கினதுமே ரப்பர் நிரந்தரமா முறுக்கிக்கிட்டே கிடக்கும், சீக்கிரம் கிழிஞ்சுடும். நட்டைக் கையிறுக்கமா விட்டு, வண்டியைத் தரையில இறக்கி, ரெண்டு தடவை மேல ஏறிக் குதிச்சு ஸ்பிரிங்கை அதோட இடத்துக்கு வரவிட்டு, அப்புறம் கீழ படுத்து முறுக்குங்க.