"எல்லாரும் பார்க்கிற டேட்டாதானே, எடுத்தா என்ன தப்பு?": வெப் ஸ்கிரேப்பிங் பற்றி இந்தியச் சட்டம் சொல்வது என்ன?

"போட்டி கம்பெனி வெப்சைட்ல இருக்கிற விலை எல்லாம் வேணும். திங்கட்கிழமைக்குள்ள முடியுமா?"

மேனேஜர் இப்படிக் கேட்டால், பைத்தான் தெரிந்த ஒருவருக்கு அது அரை நாள் வேலை. சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை ஓடவிட்டால், ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தானே திறந்து, வேண்டியதை மட்டும் எடுத்து எக்செல் ஷீட்டில் கொட்டிவிடும். இதுதான் வெப் ஸ்கிரேப்பிங்.

லாகின் இல்லை, பாஸ்வேர்டு இல்லை. அப்புறம் என்ன பிரச்னை? இந்தியாவில் ஸ்கிரேப்பிங்குக்கு என்று தனிச் சட்டம் கிடையாது. ஆனால், நான்கு பக்கமிருந்து கேள்வி வரலாம்.

1. ஐ.டி. சட்டம் என்ன சொல்லுது?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-வது பிரிவுதான் இதில் முக்கியம். கம்ப்யூட்டரின் உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதி தராமல் அதிலிருந்து டேட்டாவை டவுன்லோடு செய்தாலோ, காப்பி எடுத்தாலோ இழப்பீடு தர வேண்டியிருக்கும். அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால், 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பொதுவில் வைத்திருப்பதே அனுமதி ஆகிவிடாதா? சிக்கலே இங்கேதான். பார்க்கக் கொடுத்த அனுமதி, மொத்தமாக அள்ளுவதற்கும் சேர்த்துத்தானா என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. ஸ்கிரிப்ட் அனுப்பும் ரெக்வெஸ்ட்டுகளால் சர்வர் திணறினால், அது அதே பிரிவில் வரும் இன்னொரு தவறு.

2. விலைக்கெல்லாம் காப்பிரைட் உண்டா?

ஒரு போனின் விலை என்பது வெறும் தகவல். அதற்கு யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது. அந்தப் போனைப் பற்றிய விமர்சனத்துக்கும் படத்துக்கும் உண்டு. பதிப்புரிமைச் சட்டம் 1957, கம்ப்யூட்டர் டேட்டாபேஸையும் இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது.

எல்லை எங்கே? ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சொன்னது. கோர்ட் தீர்ப்பின் மூல வாசகத்தை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். ஆனால், பாரா பிரித்து எண் கொடுப்பது போல ஆசிரியர் குழு தன் திறமையையும் யோசனையையும் செலவிட்டுச் சேர்த்ததை எடுத்துக்கொள்ள முடியாது. ஏஐ மாடல்களுக்குப் பயிற்சி தரச் செய்திகளை எடுக்கலாமா என்பதும் இப்போது கோர்ட்டுக்கு வந்துவிட்டது. ஓபன்ஏஐ மீது ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது.

3. யாரும் படிக்காத அந்த 'டேர்ம்ஸ்'?

அமெரிக்காவின் ஹைக்யூ - லிங்க்ட்இன் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். பொதுவில் இருக்கும் புரொஃபைல்களை எடுப்பது அந்நாட்டு ஹேக்கிங் சட்டத்தின் கீழ் வருவது சந்தேகமே என்று 2022 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. ஸ்கிரேப்பிங் ஜெயித்துவிட்டது என்று பலரும் நினைத்தார்கள். ஆனால், ஹைக்யூ பயனர் ஒப்பந்தத்தை மீறியது என்று அதே ஆண்டு நவம்பரில் கீழ் நீதிமன்றம் சொன்னது. கடைசியில் 5 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டுதான் அந்த கம்பெனி வழக்கை முடித்தது. அதாவது, குற்றம் இல்லை என்றாலும் ஒப்பந்த மீறல் என்று பிடிக்கலாம்.

4. பேர், போன் நம்பர் இருந்தால்?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, ஒருவர் தானே பொதுவில் வெளியிட்ட தகவலுக்குப் பொருந்தாது. 'தானே' என்பதைக் கவனியுங்கள். உங்கள் நம்பரை நண்பர் ஒருவர் எங்கோ போட்டிருந்தால், அது நீங்கள் வெளியிட்டதாகாது. ஆனால், யார் எதைப் போட்டார்கள் என்று ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில்தான் சேர்க்கும்.

சரி, என்ன செய்யலாம்?

* ஏபிஐ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அதன் நிபந்தனைகளுக்குள் எடுத்தால் அனுமதி பற்றிய கேள்வி எழாது.
* தளத்தின் விதிமுறைகளையும் ரோபாட்ஸ் ஃபைலையும் பாருங்கள். ரோபாட்ஸ் ஃபைல் சட்டம் இல்லைதான். ஆனால், 'வேண்டாம்' என்று எழுதியிருந்தும் எடுத்தால், "அனுமதி இருக்குன்னு நினைச்சேன்" என்ற வாதம் எடுபடுவது கஷ்டம்.
* லாகின், கேப்சா போன்ற தடைகளைத் தாண்டாதீர்கள்.
* ரெக்வெஸ்ட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள்.
* தேவையில்லாத தனிநபர் தகவலைச் சேமிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. 43-வது பிரிவு 'எந்த நபரும்' என்றுதான் தொடங்குகிறது. கம்பெனி செய்யும் தவறுக்கு அதன் பொறுப்பாளர்களும் பதில் சொல்ல வேண்டும் என்று 85-வது பிரிவு சொல்கிறது. அதற்காக ஸ்கிரிப்டை ஓட்டியவர் தானாகவே தப்பிவிட மாட்டார். அதனால் ரன் பட்டனை அழுத்தும் முன், "லீகல் டீம்கிட்ட கேட்டுட்டீங்களா?" என்று மேனேஜருக்கு ஒரு மெயில் போட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.