ஸ்குவாட் பயிற்சியும் இடைநாள் தேறுதலும்

தோளில் பாரம் ஏற்றிக் குந்தி எழும்பும் பயிற்சியைப் புதிதாகத் தொடங்கியவர், ஒரு பயிற்சி நாளுக்கும் அடுத்ததற்கும் இடையில் உடம்பைப் பழைய நிலைக்கும் அதற்கு ஒரு படி மேலேயும் கொண்டுவருவது இடைநாள் தேறுதல் எனப்படும். கண்டி நகருக்குத் தென்மேற்கே ஹந்தானை மலைத்தொடரின் அடிவாரத்தில் வாழும் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் தோட்டத்து இளைஞர்களுக்கும் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அவர்களுடைய ஓய்வு நாளிலும் மலை அவர்களை ஏறி இறங்க வைக்கிறது.

பெயர்

பாரமில்லாமல் குந்தி எழும்புவதைத் தமிழகத்துச் சிலம்பக் கூடங்களிலும் மல்யுத்தக் கூடங்களிலும் பஸ்கி என்பர். தண்டாலும் பஸ்கியும் இணைபிரியாதவை. காதைப் பிடித்துக்கொண்டு செய்தால் அதுவே தோப்புக்கரணம். பார்பெல் தோளுக்கு வந்த பிறகு, கண்டியானாலும் சென்னையானாலும், ஜிம்முக்குப் போகிறவர்கள் ஸ்குவாட் என்றே சொல்கிறார்கள். இக்கட்டுரையும் அப்படியே வழங்குகிறது.

வரலாறு

கடினமான நாளுக்குப் பிறகு இலகுவான நாள் வரவேண்டும் என்ற எண்ணம் மிகப் பழையது. கிரேக்க மல்லர்கள் நான்கு நாள் சுற்றொன்றைக் கடைப்பிடித்தார்கள். முதல் நாள் உடம்பைத் தயார்செய்தல், இரண்டாம் நாள் முழு மூச்சான உழைப்பு, மூன்றாம் நாள் தளர்வு, நான்காம் நாள் நடுத்தரப் பயிற்சி. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் உடற்பயிற்சி பற்றி நூல் எழுதிய பிலோஸ்ட்ராடஸ் இந்தச் சுற்றைக் கண்டித்தார். அவர் காட்டிய சான்று ஜெரேனஸ் என்ற மல்லனின் முடிவு. ஒலிம்பியாவில் வென்ற ஜெரேனஸ் விருந்துண்டு, குடித்து, உறக்கம் கெட்டு, களைத்துப்போய்ப் பயிற்சிக் கூடத்துக்கு வந்தான். சுற்று குழம்பிவிட்டதே என்று கோபம்கொண்ட பயிற்றுநர் அவனை விடாமல் பயிற்சி செய்யவைக்க, அந்த இடத்திலேயே இறந்தான். குற்றம் ஓய்வு நாள் வைத்ததில் இல்லை. எதிரே நிற்கும் ஆளைப் பாராமல் அட்டவணையை மட்டும் பார்த்ததுதான் குற்றம். இந்தத் துறையில் இதைவிடப் பெரிய பாடம் இன்றுவரை வரவில்லை.

நம் பக்கத்தில், 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் அமைந்த மானசோல்லாசம் மல்லர்களின் பயிற்சியையும் உணவையும் சேர்த்தே பேசுகிறது. தென்தமிழகக் கிராமங்களில் இளவட்டக்கல் இருந்தது. உருண்டையான அந்தக் கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் போடவேண்டும். குந்திய நிலையிலிருந்து எழும்பாமல் கல் நெஞ்சுக்கு வராது. ஆனால் அது பொங்கலை ஒட்டிய ஒருநாள் சோதனை. வாரந்தோறும் பாரத்தைக் கூட்டிக்கொண்டு போகும் முறை அதில் இல்லை.

இன்றைய ஸ்குவாட்டின் தந்தை என்று ஹென்றி ஸ்டைன்போர்னைச் சொல்லவேண்டும். முதலாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலியாவில் அடைத்துவைக்கப்பட்ட இந்த ஜெர்மானியர், 1921இல் அமெரிக்கா சென்று, தாங்கி எதுவும் இல்லாமல் பார்பெல்லைச் செங்குத்தாக நிறுத்தி, சாய்த்துத் தோளில் வாங்கி, குந்தி எழும்பிக் காட்டினார். 1930களில் பளுதூக்குநர் ஜோசப் கர்டிஸ் ஹைஸும், ‘அயர்ன் மேன்’ இதழைத் தொடங்கிய பியரி ரேடரும் ஒரே செட்டில் 20 முறை ஸ்குவாட், தாராளமாகப் பால், நிறைய ஓய்வு என்ற முறையைப் பரப்பினார்கள். அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டெலோர்ம், காயமுற்ற வீரர்களின் கால்களைப் பாரம் தூக்கவைத்துத் தேற்றி, 1945இல் அந்த முறையை வெளியிட்டார். தொடக்கத்தில் அவர் சொன்னது பத்துப் பத்தாக 7 முதல் 10 செட். 1948இல் அவரே 3 செட் போதும் என்று குறைத்துக்கொண்டார். கூட்டுவதைவிடக் குறைப்பதற்கு அதிகத் துணிவு வேண்டும். 1976இல் பயிற்றுநர் பில் ஸ்டார் கடினம், இலகு, நடுத்தரம் என்று வாரத்தை மூன்றாகப் பிரித்தார். பயிற்றுநர் மார்க் ரிப்பிட்டோ 2005இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு, வாரம் மூன்று நாள் ஸ்குவாட், ஒவ்வொரு முறையும் சிறிது பாரம் கூட்டல் என்பதே புதியவர்களின் வழியாக நிலைத்துவிட்டது.

உடம்புக்குள் நடப்பது

1997இல் வெளியான ஓர் ஆய்வில், கால் பயிற்சி முடிந்த 3 மணி நேரத்தில் தசைப் புரத உற்பத்தி சாதாரண அளவைவிட 112 விழுக்காடும், 24 மணி நேரத்தில் 65 விழுக்காடும், 48 மணி நேரத்தில் 34 விழுக்காடும் கூடியிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற கணக்குக்கு இது துணைநிற்கிறது.

தொடை உளைவு வேறு விடயம். அது பயிற்சியன்று வராது. மறுநாள் காலையில் படியிறங்கும்போது தொடை நடுங்கி, கை தானாகக் கைப்பிடியைத் தேடும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் அடங்கிவிடும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் உளைகிறது என்று பலரும் சொல்வது தவறு. அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலேயே வடிந்துவிடும். தசை நாருக்குள் ஏற்படும் சிதைவே காரணம் என்ற கருத்தை 1902இலேயே உடலியலாளர் தியோடர் ஹஃப் முன்வைத்தார். அதே பயிற்சியை இரண்டாம், மூன்றாம் முறை செய்யும்போது உளைவு வெகுவாகக் குறையும். ஆகவே இலேசான உளைவைக் காரணம் காட்டிப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஹந்தானையில்

தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போதுதான் சிதைவு அதிகம். ஸ்குவாட்டில் கீழே குந்துவதும், மலையிலிருந்து இறங்குவதும் தொடைக்கு ஒன்றே. ஹந்தானைச் சிகரத்துக்கு ஏறியவர்கள் ஏறும்போது மூச்சிரைப்பார்கள்; மறுநாள் கால் உளைவது இறங்கியதால்தான். 1925இல் கட்டப்பட்டு 2001 முதல் தேயிலை நூதனசாலையாக இருக்கும் நான்கு மாடித் தொழிற்சாலையிலிருந்து நகருக்கு நடந்தே இறங்கிப் பாருங்கள், முழங்காலுக்கு மேலே தொடை இறுகுவது தெரியும். கொழுந்துச் சுமையோடு இதே சரிவில் இறங்கும் பெண்களின் கால்களுக்கு இது அன்றாட வேலை. எந்த ஜிம்மும் அந்த உழைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

எனவே திங்கள், புதன், வெள்ளி ஸ்குவாட் செய்பவர் செவ்வாயோ வியாழனோ மலையேறக் கூடாது. வெள்ளிப் பயிற்சி முடிந்து சனி காலை மலை, பிறகு ஞாயிறு முழு ஓய்வு என்பது தாங்கக்கூடியது. விடுதிக்கும் விரிவுரைக்கும் தினமும் மேடு ஏறி இறங்குபவர் வாரம் இரண்டு நாளோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

20 கிலோ வெறும் பாரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பயிற்சி நாளும் 2.5 கிலோ கூட்டினால் போதும். அதற்கு 1.25 கிலோ பிளேட் ஒரு சோடி வேண்டும். ஜிம்மில் இல்லாவிட்டால், 5 கிலோவாகத் தாவாமல் அதே பாரத்தில் இன்னொரு நாள் செய்யலாம். ஒரே பாரத்தில் மூன்று நாள் தொடர்ந்து தவறினால் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து மீண்டும் ஏறவேண்டும்.

உணவுக்கு விலையுயர்ந்த புரத மா டின் தேவையில்லை. உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் போதும் என்று 2018இல் வெளியான தொகுப்பாய்வு கண்டது. முட்டை ஒன்றில் 6 கிராம் உண்டு. பருப்பு, அவித்த கடலை, கௌபி, நெத்தலி, சோயாமீட் எல்லாம் தோட்டத்துக் கடையிலேயே கிடைக்கின்றன. ரொட்டியும் சம்பலும் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பாரம் ஏற்றுவதுதான் இங்கு அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டாவது பிழை இரவுத் தேத்தண்ணி. தேயிலையிலுள்ள கஃபீனில் பாதி வெளியேற ஏறக்குறைய 5 மணி நேரமாகும். பரீட்சைக்காலத்தில் பத்து மணிக்குக் குடிப்பவர் உறக்கத்தையும் தேறுதலையும் சேர்த்தே இழக்கிறார். பரீட்சை வாரத்தில் பாரம் கூட்டவே வேண்டாம். பயிற்சி முடிந்ததும் பனிக்கட்டித் தண்ணீரில் அமிழ்ந்திருப்பது தசை வளர்ச்சியைக் குறைக்கும் என 2015இல் காட்டப்பட்டது. பீலியில் குளிப்பதற்கு அந்த முடிவு பொருந்தாது.

 

ஆபத்து

அளவு மீறிய தசைச் சிதைவில் தசைக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். பயிற்சி இல்லாத ஒருவரைக் கணக்கில்லாமல் குந்தி எழும்பவைத்தால் பாரம் ஏற்றாமலே இது நேரலாம். புதிய மாணவர்களைத் தோப்புக்கரணமும் தண்டாலும் போடவைப்பது பகிடிவதையின் பழைய வடிவம். 1997இல் பேராதனைப் பொறியியல் பீட மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதைக்கு ஆளாகி, சிறுநீரகங்கள் செயலிழந்து உயிரிழந்தார். மறு ஆண்டு பகிடிவதைத் தடைக்கான 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. உடற்பயிற்சியைத் தண்டனையாக்குவது குற்றம் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

கடும் பயிற்சிக்குப் பின் தொடை வீங்கி, வலி பொறுக்க முடியாமல், சிறுநீர் சாயத் தண்ணியின் நிறத்தில் போனால், விடியட்டும் என்று காத்திராமல் பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கோ கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ போய்விடுங்கள். இலவச அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்கவேண்டிய எண் 1990.