முத்தத்துக்கு எத்தனை செகண்ட்?

பழைய ஹாலிவுட் காதல் படங்களில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் நான் சொல்வது 'நொட்டோரியஸ்' (1946). ஹிட்ச்காக் எடுத்ததால் எல்லோரும் அதை உளவுப் படம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உளவு இருக்கு, யுரேனியம்கூட இருக்கு. ஆனாலும் அது காதல் படம்தான்.

ரியோ நகரத்து பால்கனிக் காட்சியைக் கவனிச்சுப் பாருங்க. கேரி கிராண்ட்டும் இங்க்ரிட் பெர்க்மனும் முத்தமிடுகிறார்கள், விலகுகிறார்கள், ராத்திரிக்குக் கோழி சமைப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள், மறுபடி முத்தம். ஒட்டிக்கொண்டே நடந்துபோய் டெலிபோனையும் எடுக்கிறார்கள். கிட்டத்தட்ட இரண்டரை நிமிடம்!

இந்தத் துண்டு துண்டான முத்தத்துக்குக் காரணம் தணிக்கை. அரசாங்கம் தலையிட்டுவிடுமோ என்ற பயத்தில் ஸ்டுடியோக்கள் தாங்களே 1930-இல் ஒரு விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டன. நாலு வருஷம் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. கத்தோலிக்க அமைப்புகள் படங்களைப் புறக்கணிக்கச் சொன்ன பிறகு, 1934 ஜூலையில் ஜோசப் பிரீன் தலைமையில் கெடுபிடி தொடங்கியது. முத்திரை இல்லாமல் வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம்.

மூணு செகண்டுக்கு மேல் முத்தம் கூடாது என்று விதி இருந்ததாகப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். விதித்தொகுப்பின் வாசகத்தில் செகண்ட் கணக்கே கிடையாது. அளவு மீறிய, காம இச்சையோடான முத்தம் கூடாது, அவ்வளவுதான். அளவு எது என்பது பிரீன் அலுவலகத்தின் கையில். தெளிவில்லாத ஸ்பெக்கை வைத்துக்கொண்டு கோடு எழுதியவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

அடுத்து 'கேசப்ளாங்கா' (1942). இல்சா கல்யாணமானவள், அதனால் சிக்கல் இன்னும் பெரிசு. ரிக்கின் மாடி அறையில் இருவரும் அணைத்துக்கொள்கிறார்கள்; காட்சி விமான நிலையச் சுழல்விளக்குக்கு மாறுகிறது; திரும்பி வரும்போது ரிக் ஜன்னலோரம் சிகரெட்டோடு நிற்கிறான். பிரீன் அலுவலகம் ஸ்கிரிப்டைப் படித்தபோதே சொல்லிவிட்டது: திரை இருண்டால் நேரம் கடந்ததாக அர்த்தமாகிவிடும், ஒரு காட்சி இன்னொன்றில் கரைந்தால் போதும், கட்டிலோ சோபாவோ கண்ணில் படக்கூடாது. சுழல்விளக்கு தெரிவது சில செகண்ட்தான். அதற்குள் என்ன நடந்தது என்று ரசிகர்கள் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

லூபிச்சின் 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' (1940) படத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. காதல் முழுக்கக் கடிதத்தில்தான்.

தணிக்கைதான் இந்தப் படங்களை அழகாக்கியது என்று சிலர் சொல்வாங்க. எனக்கு உடன்பாடில்லை. கறுப்பரும் வெள்ளையரும் காதலிப்பதைக் காட்டக்கூடாது என்றதும் இதே விதித்தொகுப்புதான். அதை எந்த ஹிட்ச்காக்காலும் சுற்றிக்கொண்டு போக முடியவில்லை. அந்த விதியை 1956-இல்தான் எடுத்தார்கள். அடுத்த வருஷமே 'ஐலண்ட் இன் த சன்' வந்தது. படம் சுமார்தான், ஆனாலும் 'நொட்டோரியஸ்' பார்த்த கையோடு இதையும் பாருங்க. ஹாரி பெலஃபான்டேயும் ஜோன் ஃபான்டெய்னும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். ஒரே இளநீரைப் பகிர்ந்து குடிக்கிறார்கள். படம் முடியும் வரை ஒரு முத்தம்கூடக் கிடையாது.