ஒருங்கிணைந்த அறிவியல், தொழில்நுட்ப, கணிதக் கல்வி

ஒருங்கிணைந்த அறிவியல், தொழில்நுட்ப, கணிதக் கல்வி என்பது இப்பாடங்களைத் தனித்தனியே கற்பிக்காமல், ஒரு செய்முறையையோ சிக்கலையோ மையமாகக் கொண்டு இணைத்துக் கற்பிக்கும் முறை ஆகும். பொறியியலும் சேரும்போது, நான்கு துறைகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு இது ஸ்டெம் கல்வி என அழைக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டு

நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் தனி ஊசல் கிடைக்கும். நூலின் நீளம் 25 செ.மீ. எனில் ஒரு முழு அலைவுக்கு ஏறத்தாழ 1 நொடியும், 100 செ.மீ. எனில் ஏறத்தாழ 2 நொடிகளும் ஆகும். நீளம் நான்கு மடங்கானால் அலைவு நேரம் இரு மடங்காகிறது. இதற்குக் காரணமான புவியீர்ப்பை அறிவது அறிவியல். அளவீடுகளைப் பட்டியலிட்டு வரைபடமாக்கித் தொடர்பைக் காண்பது கணிதம். அதே ஊசலைக் கொண்டு ஒரு நிமிடத்தை அளக்கும் கருவி செய்வது தொழில்நுட்பம்.

இந்தியாவில்

மத்தியப் பிரதேசத்தில் 1972ஆம் ஆண்டு 16 பள்ளிகளில் ஓசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. இதில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள் தாமே சோதனை செய்து கற்றனர். தேர்வும் அதற்கேற்ப மாற்றப்பட்டது. புத்தகத்தைப் பார்த்து எழுதும் தேர்வும் செய்முறைத் தேர்வும் நடத்தப்பட்டன. ஏறத்தாழ 1,000 பள்ளிகளுக்குப் பரவிய இத்திட்டத்தை மாநில அரசு 2002இல் நிறுத்தியது. 2016 முதல் நிதி ஆயோக்கின் அடல் ஆய்வகங்கள் பள்ளிகளில் அமைக்கப்பட்டன.

தமிழ்நாட்டில்

2022 நவம்பர் 28 அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டம் காட்டூரில் உள்ள அரசுப் பெண்கள் பள்ளியில் வானவில் மன்றம் என்னும் திட்டத்தை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 13,210 அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களுக்கான இத்திட்டத்தில், 710 கருத்தாளர்கள் சோதனைக் கருவிகளுடன் பள்ளிகளுக்குச் சென்று செய்முறைகளை நடத்துவது என முடிவானது.

சிக்கல்கள்

மேற்கண்ட எண்ணிக்கையின்படி, ஒரு கருத்தாளருக்குச் சராசரியாக 18 அல்லது 19 பள்ளிகள் வருகின்றன. நாளொன்றுக்கு ஒரு பள்ளி எனக் கொண்டால், ஒரு பள்ளிக்கு மாதம் ஒருமுறையே செல்ல இயலும். எஞ்சிய நாட்களில் செய்முறையைத் தொடர்வது வகுப்பாசிரியரின் பொறுப்பாகிறது. அறிவியல் ஆசிரியரும் கணித ஆசிரியரும் சேர்ந்து பாடத்தைத் திட்டமிட நேரம் ஒதுக்குவதும், மனப்பாடத்தை மட்டும் சோதிக்காத தேர்வு முறையும் இதற்குத் தேவை. இவை இல்லாவிடில் செய்முறை ஒருநாள் காட்சியாகவே நின்றுவிடும்.