இரு விளக்கும் ஒரே எண்ணெயும்



கணித ஆசிரியனாக இருந்த நாளில் நிகழ்தகவுப் பாடத்திற்கு நான் ஓர் உதாரணம் கூறுவதுண்டு. ஒரு விளக்கு நூறு இரவுகளில் ஒருமுறை அணையுமானால், இரு விளக்குகள் ஒருசேர அணைவது பதினாயிரம் இரவுகளில் ஒருமுறையே என்பேன். "ஐயா, இரண்டிலும் ஒரே எண்ணெய் ஊற்றியிருந்தால்?" என்று ஒரு மாணவன் வினவினான். குறும்பென்று கருதி அவனை அமரச் செய்தேன். தவறு என்னுடையதே.

பழுதுறும் உறுப்புகளைக் கொண்டே பழுதறியாப் பொறியை அமைக்கலாகும் என்பதை ஜான் வான் நியூமன் 1952ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஆற்றிய சொற்பொழிவுகளில் விளக்கினார். ஒரே வேலையைப் பல உறுப்புகளிடம் ஒப்படைத்துப் பெரும்பான்மை விடையை ஏற்பது அவர் காட்டிய வழிகளுள் ஒன்று. உறுப்புகள் தனித்தனியே பழுதுறும் வரையில் இக்கணக்கு பொருந்தும். ஆனால் மென்பொருள் தேய்வதில்லை; அதன் பிழை எழுதும்போதே உள்ளே அமர்ந்துவிடுகிறது. படி எடுத்தால் பிழையும் உடன் வரும்.

1996 ஜூன் 4ஆம் நாள், தென் அமெரிக்காவின் கூரூ தளத்திலிருந்து ஐரோப்பியரின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாக எழுந்தது. அதன் திசையும் வேகமும் அறியும் கருவிகள் இரண்டு. ஒன்று நின்றால் மற்றொன்று காக்கும். இரண்டிலும் ஒரே மென்பொருள். அதுவோ ஏரியன் 4இல் குறையின்றி உழைத்துப் பெயர் பெற்றது. புதிய ராக்கெட்டின் கிடைவேகம் முன்னதைவிட மிகுதியாகையால், ஓர் எண் 32,767 என்னும் எல்லையைக் கடந்தது. அதற்குரிய இடத்தில் அவ்வெண் அடங்கவில்லை. துணைக்கருவி முதலில் நின்றது. விநாடியில் பத்தில் ஒரு பங்கு கழியுமுன் முதற்கருவியும் அதே காரணத்தால் நின்றது. நின்ற கருவி அனுப்பிய பழுதுக் குறிப்பைப் பறப்புச் செய்தியென எண்ணி, வழிநடத்தும் கணிப்பொறி ராக்கெட்டை வளைத்தது. புறப்பாட்டு வரிசை தொடங்கி ஏறத்தாழ 40 விநாடிகளில், 3,700 மீட்டர் உயரத்தில், நான்கு ஆராய்ச்சித் துணைக்கோள்களுடன் அது சிதறியது. இதில் வருந்தத்தக்கது யாதெனில், அக்கணக்கீடு ராக்கெட் தரையை விட்டெழுந்த பின்னர்த் தேவையே இல்லாதது!

அப்படியானால் வெவ்வேறு மனிதர் தனித்தனியே எழுதினால் பிழைகளும் வேறுபடுமன்றோ? ஜான் நைட், நான்சி லெவிசன் ஆகிய இருவரும் இதனைச் சோதித்து 1986இல் வெளியிட்டனர். அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் ஒரே சிக்கலுக்கு எழுதிய 27 நிரல்கள் பத்து இலட்சம் சோதனைகளுக்கு உட்பட்டன. ஒன்றுக்கு மேற்பட்ட நிரல்கள் ஒருங்கே தவறிய தருணங்கள், தனித்தன்மை என்னும் ஊகம் இடந்தராத அளவுக்கு மிகுந்திருந்தன. விடைத்தாள் திருத்தியவர்க்கு இது வியப்பன்று. வெவ்வேறு மூலைகளில் அமர்ந்த பிள்ளைகளும் ஒரே படியிலேதான் இடறுவார்கள்.

ஆகவே இன்று நம்பகம் கணிப்போர் பொதுப்பிழைக்கெனத் தனிப்பங்கு ஒதுக்குகின்றனர். ஆயிரத்தில் ஒருமுறை தவறும் இரு பகுதிகள், தனித்தனியே தவறுமாயின் பத்து இலட்சத்தில் ஒருமுறையே ஒருங்கே தவறும். தவறுகளில் பத்தில் ஒன்று பொதுவானதாயின், அது பதினாயிரத்தில் ஒன்றாகிவிடும். ஆபத்து நூறு மடங்கு. அந்தப் பத்தில் ஒன்று என்பதை முன்கூட்டி அறிவதே இக்கணிப்பில் கடினமான பகுதி.