பண்ணையாளும் படநிலையத்தாரும்

தொல்காப்பிய அகத்திணையியல் ஏவல் செய்வாரை அடியோர் என்றும் வினைவலர் என்றும் இரு சொற்களாற் சுட்டுகின்றது. அடியோர் ஒருவர்க்கு உரிமைப்பட்டவர். வினைவலர் பிறர் ஏவியதைச் செய்வாராயினும் தம் வினையாற் பெயர் பெற்றவர். முன்னவர் பின்னவராக மாறுவது எப்பொழுது, எதனால் என்பது இலக்கண வினா அன்று, வரலாற்று வினா. தஞ்சைக் காவிரிப் படுகையின் வயல்களிலும், அப்படுகையிற் பிறந்தார் சென்னையில் வளர்த்த இதழ், திரைப்பட நிறுவனத்திலும் இவ்வினாவிற்குக் கிடைத்த விடைகளை யாம் ஈண்டு ஒப்பிட்டு நோக்குகின்றோம்.

திருத்துறைப்பூண்டியிற் பிறந்த எஸ். எஸ். வாசன் 1928இல் 'ஆனந்த விகடன்' இதழை விலைக்கு வாங்கினார். பாபநாசத்துக் கே. சுப்பிரமணியம் தொடர்புடையதாயிருந்து, தீக்கு இரையாகி ஏலத்திற்கு வந்த படநிலையத்தை 1941இல் பெற்று, அதற்கு ஜெமினி எனப் பெயரிட்டார். வார இதழ், படத்தயாரிப்பு, பட வழங்கீடு எனப் பல கிளைகள் ஒரே தலைமையின்கீழ்த் தழைத்தன. கதை இலாகாவினர், இசைவாணர், ஒப்பனையாளர், தச்சர் ஆகிய பல திறத்தாரும் அங்கே திங்கள் ஊதியம் பெற்றனர். படம் வெளிவந்தாலும் வாராவிடினும் ஊதியம் நின்றதில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 'சந்திரலேகா' 1948இல் திரைக்கு வருமுன் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் உருவாகிக்கொண்டிருந்தது. ஜெமினிக் கதை இலாகாவைச் சார்ந்த கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்னும் புனைபெயரில் விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' எழுதினார். ஒரு கிளையின் ஆள் மறு கிளைக்குப் பயன்பட்ட முறைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இதனைப் பண்ணை முறையின் மறுபதிப்பு என்று கூறிவிடுதல் எளிது. ஆயின் வாசன் மிராசுதார் குடியில் வந்தவரல்லர். இளமையிலே தந்தையை இழந்து, விளம்பரம் திரட்டும் தொழிலால் உயர்ந்தவர். எனவே பிறப்புவழி வந்த பழக்கம் என்றல் பொருந்தாது. உண்டியும் பாதுகாப்பும் ஒருவர் கையிலிருந்தே வருமிடத்து, கொடுப்பவர் எவராயினும், அவ்வுறவு பண்ணையின் சாயலை எய்திவிடுகின்றது என்பதே எம் கருத்து. பெயர் பெற்றவர் அதனின்று விலகித் தனித்து நிற்க இயன்றது. மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தினரான கல்கி, விகடன் ஆசிரியப் பொறுப்பை விட்டு 1941இல் தம் பெயராலேயே ஓர் இதழ் கண்டார். அரங்கம் அமைக்கும் தச்சர்க்கு அத்தகைய பெயர் இல்லை.

ஜெமினி 1942இல் வெளியிட்ட 'நந்தனார்' இவ்விடத்துப் பெரிதும் எண்ணத்தக்கது. சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் வரலாற்றில் நிலமுடைய வேதியர் இல்லை. அவரைப் படைத்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். பாரதியார் வாழ்ந்த ஆனந்ததாண்டவபுரம் மாயவரத்தின் அருகிலுள்ளது. சுற்றிலும் பண்ணையும் பண்ணையாளுமாக இருந்த நாடு. அவர் கண்முன் கண்ட உறவையே கீர்த்தனையில் அமைத்தார் எனக் கொள்ளல் தகும். நந்தன் கேட்பது சிதம்பரம் செல்ல விடுப்பு; வேதியர் விதிப்பது நாற்பது வேலி நிலத்தின் பயிர் வேலை. ஓரிரவில் இறைவன் அருளாற் கதிர் முற்றிய பின்னரே விடுப்புக் கிட்டுகின்றது. பக்திச் சுவை நாடுவார் இதனை அற்புதம் என்பர். பண்ணையாளின் விடுப்புரிமைக்கு அற்புதம் ஒன்றே வழியாயிருந்த நிலையையும் இக்கதை காட்டுகின்றது. இத்தகைய கதையைத் திங்கள் ஊதியத்தார் நிரம்பிய ஒரு நிலையம் படமாக்கியது. அவர்களுள் எவரேனும் அதனைத் தம் கதையாகக் கண்டனரா என்பதற்கு ஏடு இல்லை. கற்பனை செய்தல் எம் பணியும் அன்று.

படம் வெளிவந்த மறு ஆண்டில் பி. சீனிவாசராவ் கீழ்த்தஞ்சைக்கு வந்தார். கன்னட நாட்டினராகிய அவர் தமிழ் உழவரிடையே சங்கம் கண்டார். 1944இல் மன்னார்குடியில் எழுந்த உடன்பாடு, சவுக்கடி, சாணிப்பால் ஆகிய கொடுந்தண்டனைகளுக்கு முடிவு கட்டும் வழியைத் திறந்தது. தமிழ் பயில்வார்க்குச் சங்கம் என்றவுடன் மதுரை நினைவிற்கு வரும்; படுகையின் சேரிகளில் அச்சொல் முதுகிற் சவுக்கு விழாமையைக் குறித்தது. இதழுலகிற்கும் அச்சொல் புதிதன்று. திருவாரூரைத் தம் பெயரின் தலைப்பிற் கொண்ட திரு. வி. க., 'தேசபக்தன்' ஆசிரியராயிருந்த காலத்திலேயே, 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் துணைத்தலைவராகவும் விளங்கினார். எழுதுகோலும் சங்கமும் ஒரே கையில் இருந்தன. ஆயினும் பின்வந்த இதழ் முதலாளிகள் அவ்வழியிற் செல்லவில்லை.

இனி 1952ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் இராஜாஜி அமைச்சரவை தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. பின்னர் அது சட்டமாயிற்று. ஒரு வேலிக்கு மேற்பட்ட நிலமுடையாரின் பண்ணையாளைத் தக்க காரணமின்றி நீக்குதல் தடுக்கப்பட்டது. நந்தனின் நாற்பது வேலிக்கு எதிரே இவ்வொரு வேலியை வைத்து எண்ணிப் பார்க்க.

அதே ஆண்டில் ஃபிராங்க் புக்மன் தொடங்கிய ஒழுக்கச் சீரமைப்பு இயக்கத்தின் நாடகக் குழு ஜெமினிக்கு வந்தது. அது கொணர்ந்த நாடகங்களுள் ஒன்றாகிய 'தி ஃபர்காட்டன் ஃபேக்டர்' முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நேர்ந்த பிணக்கைப் பொருளாகக் கொண்டது. மனமாற்றமே பிணக்கைத் தீர்க்கும் என்பது அதன் கொள்கை. அந்நாளில் நிலையத்திற் பணியாற்றிய அசோகமித்திரன், இவ்வருகைக்குப் பின்னணியிற் பொதுவுடைமை எதிர்ப்பு இருந்ததைப் பிற்காலத்தில் தம் நினைவு நூலில் எள்ளலுடன் சுட்டினார். வயலில் வேலை செய்தார்க்குச் சட்டம் வந்த ஆண்டில், படநிலையத்தில் வேலை செய்தார்க்கு நாடகம் வந்தது. நடிகர் சங்கம் அமைந்ததும் அவ்வாண்டேயாம். முன்னின்றோருள் ஒருவர், முன்னரே திரைத்துறை முதலாளிகளின் வர்த்தக சபை அமைத்தலிலும் பங்குகொண்ட கே. சுப்பிரமணியம். இரு தரப்பிற்கும் அமைப்பு வேண்டும் என்று கருதிய அவர் பார்வை மிக நேரியது. வாசனின் வள்ளன்மையினும் இதனையே யாம் உயர்வாக மதிக்கின்றோம்.

சட்டத்தின் விளைவு கசப்பும் கலந்தது. பண்ணையாளாக வைத்துக்கொண்டால் நீக்க இயலாது என்றறிந்த நிலமுடையார் நாட்கூலியை நாடினர். பண்ணையாளின் தளை அறுந்தது. ஆண்டு முழுதும் கிடைத்த சிறு உறுதியும் உடன் அறுந்தது. கூலிப் பூசல் முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 உயிர்கள் எரியுண்டன.

படவுலகிலும் அதே திசையில் மாற்றம் நிகழ்ந்தது, குருதி சிந்தாமல். கதை இலாகா மூடப்பட்டபோது திங்கள் ஊதியத்தார் வெளியேறினர். நாட்படியும் கால்ஷீட்டும் வழக்காயின. அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' அவ்வுலகின் நிலையாமையைக் காட்டும் நாவல். வாசன் 1969இல் மறைந்தார். விகடன் தொடர்ந்தது, படநிலையம் தேய்ந்தது. சிதறிய தொழிலாளரை ஒன்று திரட்டும் பணியில் எம். பி. சீனிவாசனும் வங்கத்தினின்று வந்த நிமாய் கோஷும் முன்னின்றனர். முன்னவர் இசையமைப்பாளர், பின்னவர் ஒளிப்பதிவாளர். இருவரும் வினைவலர் என்னும் சொல்லுக்கு முழுதும் உரியவர்.

இதழாளர்க்குப் பணிநிலைச் சட்டம் 1955இல் வந்தது. அதன்வழி ஊதியக் குழு செய்த முடிவை, நிறுவனங்களின் கொடுக்கும் ஆற்றலைக் கருதவில்லை என்று கூறி, எக்ஸ்பிரஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958இல் செல்லாதாக்கியது. எழுத்து வடிவ ஒப்பந்தமின்றித் திரைத் தொழிலாளரை அமர்த்தலாகாது என்னும் நடுவணரசுச் சட்டம் இயற்றப்பட்டது 1981இல். தஞ்சைப் பண்ணையாளுக்குச் சட்டம் வந்து 29 ஆண்டுகள் கழிந்திருந்தன.